அரியர் விழுந்த தாளும் இரண்டு லட்சம் ரூபாய்ப் பயிற்சியும்

வணக்கம் அம்மா,

பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்குப் புள்ளியியல் அனுமானத் தாளில் அரியர் விழுந்துவிட்டது, கல்லூரியிலிருந்து நிறுத்தி, இரண்டு லட்சம் கட்டி ஆறு மாத டேட்டா சயின்ஸ் பயிற்சியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. டிகிரியை முடிக்கட்டும். நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருக்கும் அந்தப் பயிற்சி மையத்தின் நோட்டீஸையே வைத்துக் காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்தத் தாளில் தடுக்கி விழும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பலர் பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். முதலாண்டில் சராசரி, திட்ட விலக்கம், வரைபடம் என்று கையில் இருக்கும் எண்களோடு மட்டும் வேலை. இந்தத் தாளிலோ, கண்ணால் பார்த்த சிலரை வைத்துப் பார்க்காத பலரைப் பற்றிப் பேச வேண்டும். சிந்தனையே வேறு. அதை நிதானமாக விளக்க நேரமில்லாமல் 1.96, 2.58 என்று அட்டவணை எண்களையும் சூத்திரங்களையும் வகுப்பில் அடுக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விழித்துப்போகிறார்கள். உங்கள் மகளுக்குக் கணக்கு வராது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது.

இப்போது நோட்டீஸைப் பார்ப்போம். "எங்களிடம் படித்த 10 பேரில் 8 பேருக்கு வேலை" என்று போட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கே போகாத பட்டதாரிகளிலும் பாதிப் பேருக்கு அதே காலத்தில் வேலை கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லை என்பதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் பாடத்தில் இன்மை எடுகோள் என்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு மாணவருக்கும் வேலை கிடைப்பது பூவா தலையா போட்டதைப் போலத்தான். பத்துப் பேருக்கு மொத்தம் 1,024 விதமான முடிவுகள் வரலாம். அவற்றில் சரியாக 8 பேருக்கு வேலை கிடைப்பவை 45, 9 பேருக்குக் கிடைப்பவை 10, பத்துப் பேருக்கும் கிடைப்பது 1. எட்டு அல்லது அதற்கு மேல் என்று கூட்டினால் 56. அதாவது 1,024க்கு 56, ஏறக்குறைய 5.5 சதவீதம்.

பயிற்சியால் ஒரு பயனும் இல்லாத நூறு மையங்கள் ஆளுக்குப் பத்து மாணவரைச் சேர்த்தால், அவற்றில் ஐந்தாறு மையங்கள் வெறும் தற்செயலாலேயே இப்படி ஒரு நோட்டீஸ் அடிக்கலாம். இந்தத் தற்செயல் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் வழக்கமாக இன்மை எடுகோளை மறுப்பார்கள். 5.5 அதற்குக் கீழே வரவில்லை, எனவே மறுக்க முடியாது. பயிற்சி வீண் என்று நிரூபணமாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பயனுண்டு என்று சொல்ல இந்தப் பத்துப் பேர் போதாது, அவ்வளவே. பயிற்சி வீணாக இருப்பதற்கு வாய்ப்பு 5.5 சதவீதம் என்றும் இதைப் படிக்கக் கூடாது. விடைத்தாளில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உண்மை விகிதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று சொல்லும் நம்பிக்கை இடைவெளி இதையே இன்னும் தெளிவாகக் காட்டும். பத்தில் எட்டு என்ற தகவலை மட்டும் வைத்து 95 சதவீத இடைவெளி கணக்கிட்டால், உண்மையான வேலைவாய்ப்பு விகிதம் சுமார் 44 சதவீதத்திலிருந்து 97 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்று வருகிறது. பாதிக்கும் குறைவு முதல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேலை என்பது வரை! அதே 80 சதவீதம் நூறு பேரில் எண்பது பேராக இருந்திருந்தால் இடைவெளி சுமார் 71 முதல் 87 வரை சுருங்கியிருக்கும். இந்த 95 எதைக் குறிக்கிறது என்பதில் ஆசிரியர்களே சில நேரம் குழப்பிவிடுகிறார்கள். திருவிழாக் கடையில் பொம்மைக்கு வளையம் எறிவதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொம்மை நின்ற இடத்திலேயே நிற்கிறது, விழும் இடம் மாறுவது வளையம்தான். உண்மை விகிதம் பொம்மை, நாம் கணக்கிடும் இடைவெளி வளையம். இதே முறையில் நூறு முறை புதிதாக மாதிரி எடுத்து எறிந்தால் ஏறக்குறைய 95 முறை பொம்மை வளையத்துக்குள் இருக்கும்.

இவ்வளவு கணக்கும் அந்தப் பத்துப் பேர் பொறுக்கி எடுக்கப்படாதவர்கள் என்றால்தான் செல்லும். வேலை கிடைத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் எந்தச் சூத்திரமும் நம்மைக் காப்பாற்றாது. நடுவில் நின்றவர்கள், கட்டணம் கட்டிவிட்டு வராமல் போனவர்கள் எங்கே? நோட்டீஸில் அவர்கள் இல்லை. சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், எந்த ஆண்டு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள்.

டேட்டா சயின்ஸ் என்று அவர்கள் கற்றுத்தருவது பெரும்பாலும் பைத்தான், எக்செல் போன்ற கருவிகளை இயக்குவதை. அது தேவைதான், ஆனால் டிகிரி படித்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். பைத்தானும் ஆர் மென்பொருளும் இலவசம், மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடங்களையும் இலவசமாகப் படிக்கலாம். கருவி கொடுக்கும் விடையை நம்பலாமா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலையில் மதிப்பு. அதைச் சொல்லித்தருவது அரியர் விழுந்த இந்தத் தாள்.

இந்தப் பாடத்தின் பயனுக்கு நம் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. 1956இல் இங்கே காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. படுக்கைகளோ மிகக் குறைவு. நோயாளிகளைக் குலுக்கல் போலச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டார்கள். நல்ல மருந்து கிடைத்தால் வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது என்று 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றிய ஆய்வு அது. ஏழைக் குடும்பங்களுக்கு அதனால் கிடைத்த நன்மையை நினைத்தால், இந்தப் பாடத்தை வெறும் அரியர் தாளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

வேலை என்று பார்த்தால், மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம் அதற்குத் தேவை. படிப்பை நிறுத்தினால் அந்தக் கதவு மூடிவிடும். டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் பணி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் உயிரிப் புள்ளியியலில் முதுகலை படிக்கலாம், அது மருந்து ஆய்வு நிறுவனங்களுக்கு வழி. காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரி பணிக்கான தேர்வுகளின் தொடக்கத் தாள்களிலேயே எடுகோள் சோதனையும் நம்பிக்கை இடைவெளியும் வருகின்றன.

அரியரைத் தாண்ட அவள் முதலில் சூத்திரப் பட்டியலை மூடி வைக்கட்டும். மேலே சொன்ன 56ஐ அவளே தாளில் போட்டு வரவழைக்கட்டும். பிறகு புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷரின் தேநீர்க் கணக்கைச் செய்யட்டும்: எட்டுக் கோப்பைகளில் நான்கில் முதலில் பாலும் மற்ற நான்கில் முதலில் தேநீரும் ஊற்றியிருக்கிறது, பால் முதலில் ஊற்றிய நான்கையும் ஒருவர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70இல் 1. இரண்டையும் சூத்திரம் இல்லாமல் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் புரிகிற வரை விடாதீர்கள். அதற்குப் பிறகு பழைய வினாத்தாள்களை எடுத்தால் போதும். ஒவ்வொரு விடையின் முடிவிலும் "மறுக்கிறோம்" என்பதோடு நிறுத்தாமல், அதனால் என்ன தெரிகிறது என்று ஒரு வரி எழுதிப் பழகட்டும்.

ராத்திரியில் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இன்ஜினீயரிங் படிக்கும் மைத்துனர் மகனோடு ஒப்பிடும் பேச்சை வீட்டில் இப்போதைக்கு யாரும் எடுக்க வேண்டாம். இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் இந்தப் பாடத்தின் மேலேயே அவளுக்கு வெறுப்பு என்றால், டிகிரி முடிந்ததும் வேறு துறைக்கு மாறுவதைப் பற்றி அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம். அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.