பேரண்ட் கேட்காததைச் சைல்ட் கட்டாயமாகக் கேட்க முடியாது

கேள்வி: பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பில் ஓடிய தளத்தை 8க்கு மாற்றியதும் ஃபேட்டல் எரர் (ஓட்டத்தையே நிறுத்தும் பிழை) வந்து நிற்கிறது. பேரண்ட் கிளாஸின் 'சேவ்' மெத்தட் தரவை மட்டும் வாங்குகிறது. அதிலிருந்து பிறந்த சைல்ட் கிளாஸில் அதே மெத்தடைத் திரும்ப எழுதி, பயனர் எண்ணையும் இரண்டாவது பாராமீட்டராகச் சேர்த்திருக்கிறேன். இந்த எரரை அடக்கி வைக்க வழி உண்டா?

பதில்: இல்லை. பேரண்ட் கேட்காததைச் சைல்ட் கட்டாயமாகக் கேட்கும் இதே குறை 7.4இலும் வார்னிங்காக லாகில் விழுந்திருக்கும். 2020 நவம்பரில் வந்த 8.0தான் இதை ஃபேட்டல் எரர் ஆக்கியது.

பேரண்டை நம்பி எழுதிய கோட் 'சேவ்' மெத்தடைத் தரவு மட்டும் கொடுத்துக் கூப்பிடும். அந்த இடத்தில் உங்கள் சைல்ட் ஆப்ஜெக்ட் வந்து உட்கார்ந்தால், இரண்டாவது ஆர்கியுமென்ட் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். 7.4இலும் அப்படித்தான் நின்றிருக்கும். அந்த வழியாக இதுவரை யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

பயனர் எண்ணுக்கு டீஃபால்ட்டாக 'நல்' (null, அதாவது மதிப்பு இல்லை) கொடுத்தால் எரர் உடனே போய்விடும். ஆனால் எண் வராதபோது என்ன செய்வது என்பதற்கு மெத்தடுக்குள் உண்மையான பதில் இருக்க வேண்டும். பயனர் எண் இல்லாத வரிசை டேட்டாபேஸில் நுழைந்தால், அதைத் தேடிப் பிடிப்பது இந்த எரரைவிடப் பெரிய தலைவலி. எண் கட்டாயம் வேண்டும் என்றால் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கன்ஸ்ட்ரக்டருக்கு இந்தப் பொருத்தச் சோதனை கிடையாது. நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

டைப்பிலும் இதே நியாயம்தான். பேரண்ட் 'இன்ட்' வாங்கினால் சைல்ட் 'இன்ட் அல்லது ஸ்ட்ரிங்' என்று விரிக்கலாம், சுருக்கக் கூடாது. ரிட்டர்ன் டைப்புக்கு நேர் எதிர்: சுருக்கலாம், விரிக்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். சைல்டில் பாராமீட்டரின் பெயரை மாற்றினால் பிஎச்பி எதுவும் சொல்லாது. ஆனால் 8.0 முதல் பெயர் குறிப்பிட்டு ஆர்கியுமென்ட் அனுப்பலாம் அல்லவா? பேரண்டில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எரர் வெடிக்கும். பெயரை அப்படியே வையுங்கள்.

மீதிக் கிளாஸ்களையும் பார்த்துவிடுங்கள். பிஎச்பியின் '-எல்' (php -l) இலக்கணச் சோதனை ஒவ்வொரு ஃபைலாகத்தான் பார்க்கும். பேரண்ட் வேறு ஃபைலில் இருந்தால் இந்தப் பிழை அதன் கண்ணில் படாது. கோடை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பிஸ்டான் (PHPStan) கருவியைப் போட்டு மொத்த புராஜெக்டையும் ஓடவிடுங்கள்.