32 கி.மீ. ஓடிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சார்,
வேலையை விட்டு ஒன்றரை வருடமாக ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். வருமானம் ஏறி இறங்குகிறது. மாரத்தானுக்கும் தயாராகிறேன். 'எழுத்தும் ஓட்டமும் போக மிச்சம்தான் எங்களுக்கா?' என்கிறாள் மனைவி. ஜப்பானிய எழுத்தாளர் முரகாமி தன் ஜாஸ் இசை பாரை விற்றுவிட்டு எழுத்தையும் ஓட்டத்தையும் பிடித்துக்கொண்டவர்தானே? நான் மறுபடி வேலைக்குப் போவதா, இப்படியே தொடர்வதா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முரகாமியை விடுங்கள். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது, பாரை விற்றதும் முதல் நாவல்கள் வந்த பிறகுதான். வேலை விஷயம் சுலபம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால் தொடருங்கள், இல்லாவிட்டால் பாதி நேர வேலை தேடுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்விதான் என்னைக் குடைகிறது. போன வாரம் என் பழைய ஓட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை: '32 கி.மீ., 3 மணி 20 நிமிடம், கால் பரவாயில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வந்ததும் ஷூவோடு தரையில் சாய்ந்தவன் சாயங்காலம்தான் முழித்தேன். இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. வலதில் ஏழெட்டு முடிச்சு. மகளுக்கு அப்போது நாலு வயது. எழுப்பிப் பார்த்து அலுத்துப்போய், கழற்றியாவது விடலாம் என்று முயன்றிருக்கிறாள்.

'வீடு முழிப்பதற்குள் ஓடிவிடுகிறேன், யார் நேரத்தையும் எடுக்கவில்லை' என்று ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்வோம். சுத்தப் பொய். முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். மதியம் கட்டைபோல் கிடப்போம், வீட்டை வேறொருவர் பார்த்துக்கொள்வார். எழுத்திலும் இதே கள்ளக்கணக்கு. ராத்திரி இரண்டு மணிவரை கட்டுரை முடிப்போம், காலையில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் எரிந்து விழுவோம். கேட்டால், 'வீட்டிலேயேதானே இருக்கிறேன்!' இருந்து என்ன பிரயோசனம்? ஓடும் நேரத்தோடு படுத்துக் கிடக்கும் நேரத்தையும் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். காட்டத் துணிவிருக்கிறதா?

அப்புறம், மாரத்தானின் அந்த 42.195 கி.மீ. தூரம் ஒன்றும் வேதவாக்கு இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைகளுக்கு முன்னால் முடித்ததால் வந்த கணக்கு. 1921இல் அதையே நிலையாக்கினார்கள். ஒரு குடும்பத்துக்காக நீண்ட தூரம், உங்கள் குடும்பத்துக்காக இந்த வருடம் பாதியாகக் கூடாதா?

அந்த முடிச்சுகளை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் லேஸைக் கத்தரித்துவிட்டேன். மகள் இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.