போகிப் புகையும் நெஞ்சும்: வாசகர் கேள்விகள்

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிறது. சென்னையில் மார்கழி மாதம் காலை 5 மணிக்கு வாக்கிங் போகலாமா?

நடை நல்லது, நேரம்தான் சரியில்லை. மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியின்றி மூக்கு மட்டத்திலேயே நிற்கும். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், வேக நடையில் 25 லிட்டருக்கு மேல் இழுக்கும். வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். போகியன்றும் தீபாவளிக்கு மறுநாள் காலையிலும் மொட்டை மாடிகூட வேண்டாம், கூடத்திலேயே நடங்கள்.

காற்று எப்படி என்று போனில் பார்ப்பதானால் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளின் அளவைப் பாருங்கள். கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதோ 15தான். அந்த 60ஐ இந்திய ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) 100 என்று காட்டும், அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கும் ஆப் 150க்கு மேல் காட்டும். காற்று ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

புகை நுரையீரலைத்தானே கெடுக்கும்? இதயத்துக்கு என்ன?

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, இருமலாக வெளியே வந்துவிடும். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கிவிடும். அங்கே கிளம்பும் அழற்சி ரத்தத்தில் பரவும்: ரத்தக் குழாய்கள் இறுகும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டும், ஏற்கெனவே கொழுப்பு படிந்த இடம் வெடித்து உறைகட்டி அடைக்கலாம். ஆகவே இருமல் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள்.

ஈரக் கைக்குட்டை கட்டினால் போதுமா?

போதாது. என்95 முகக்கவசம் வேண்டும், அதுவும் கன்னத்தோரம் இடைவெளி இல்லாமல். மாட்டிக்கொண்டு வேகமாக ஊதிப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடி பனித்தால் மேல்கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். தாடி வைத்தவர்களுக்கு அது சரியாக ஒட்டாது.

ஆஸ்துமா இருக்கிறது. புகை நாட்களில் இன்ஹேலரைக் கூட்டலாமா?

தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒரு வேளைகூட விடாதீர்கள். அவசர இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால், அளவை நீங்களே கூட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

12க்கு 12 அடி படுக்கையறைக்கு எந்த ஏர் பியூரிஃபையர்?

10 அடி உயரம் என்றால் அறை சுமார் 41 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று வடிகட்டப்பட வேண்டுமானால் சி.ஏ.டி.ஆர்., அதாவது கருவி தரும் சுத்தக் காற்றின் அளவு, மணிக்கு 205 கனமீட்டராவது இருக்க வேண்டும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போதும். ஓசோன் விடும் கருவி வேண்டவே வேண்டாம், அதுவே நுரையீரலை அரிக்கும். பியூரிஃபையரை ஓட்டிக்கொண்டே பக்கத்தில் கொசுவத்தி ஏற்றுகிறவர்கள் நிறைய. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 சிகரெட்டுக்குக் குறையாத நுண்துகளைக் கக்கும். முதலில் கொசுவலை கட்டுங்கள், கருவி பிறகு.