சைலன்சர் மாற்றிய பையனும் அம்மாவின் மூன்று கேள்விகளும்

வணக்கம் அம்மா,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். பிளஸ் டூ பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது, உங்கள் மகன் சேர்த்து வைத்திருந்த பதினெட்டாயிரம் ரூபாயைக் கொண்டுபோய் மாமாவின் ஸ்விஃப்ட் காருக்கு சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றியிருக்கிறான். அவன் அப்பா ஒரு வாரமாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனோ எஞ்சினின் சக்தியைச் சரிசெய்து கூட்டுகிற டியூனிங்தான் என் தொழில் என்கிறான். இது ஒரு பிழைப்பா, போலீஸ் கேஸ் வருமா, எல்லாம் பேட்டரி கார் ஆகிவிட்டால் என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்.

முதலில் அந்தப் பதினெட்டாயிரம். அதனால் வண்டியின் பிக்கப் கூடியிருக்காது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் சத்தம்தான் கூடும். ஈசியு எனப்படும் எஞ்சின் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்தாலும், அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் 'மேப்' அட்டவணையை மாற்றி எழுதினாலும், அந்த மாதிரி எஞ்சினில் கிடைப்பது சொற்பம். டர்போ எஞ்சின் கதை வேறு. உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்ட இடமிருப்பதால் 20, 30 சதவீதம்கூட கூடுதல் சக்தி எடுக்கிறார்கள். இதை அவனிடம் திட்டாமல் கேளுங்கள்: "எவ்வளவு கூடுச்சு தம்பி, எப்படி அளந்தே?" சத்தம் சூப்பரா இருக்கும்மா என்று சொன்னால் அவனுக்குப் பிடித்தது வேகமும் சத்தமும். கொஞ்சம் முழித்துவிட்டு, அளக்கவில்லையே, எப்படி அளப்பது என்று யோசித்தால் நாம் மேற்கொண்டு பேசலாம்.

ஏனென்றால் டியூனிங் என்பது முழுக்க முழுக்க அளக்கிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் கிரீஸும் புகையுமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவனோடு கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ என்ற இயந்திரத்தின் உருளைகள்மேல் முன்சக்கரங்கள் உட்கார, நாலு பக்கமும் பெல்ட் போட்டு ஒரு காரைக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஆளுயர ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டியூனர் காதில் ஹெட்போன். அதன் ஒயர் எஞ்சின் பிளாக்கில் மாட்டிய ஒரு சென்சாருக்குப் போனது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஒரு ஓட்டம் விட்டார். திரையில் டார்க் (சுழற்றும் விசை) கோடும் பவர் கோடும் ஏறின. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அவர் முகம் சுருங்கியது. ஹெட்போனில் "டிக் டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டிருக்கிறது. அதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவுவதற்குள், மூலையில் அழுத்தப்பட்டிருக்கும் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கிற சத்தம். அது தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் உட்காரும் மேடு உடையும், பிஸ்டனே ஓட்டையாகும். ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினார். சத்தம் நின்றது, கூடவே மூன்று குதிரைத்திறனும் போனது. வண்டிக்காரருக்கு மனசே இல்லை. டியூனர் அசையவில்லை. "மே மாசத்துல சரக்கு ஏத்திக்கிட்டு ஊட்டி மலை ஏறும்போது இந்த எஞ்சின் உயிரோட இருக்கணும்ங்க" என்றார்.

கைக்கு வந்த சக்தியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற அந்தப் பொறுமைதான் இந்தத் தொழில், அம்மா.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்? அவன் வெறுக்கிற பிளஸ் டூ பாடங்களே அடிப்படை. அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். ஆக்டேன் முழுதாக எரிவதற்கான வேதிச் சமன்பாட்டை எழுதி, ஒரு கிலோ எரிபொருளுக்கு எத்தனை கிலோ காற்று வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 15-ஐ ஒட்டி வரும். உண்மையான பெட்ரோலுக்கு அது 14.7. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5. முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். டியூனர் நாள் முழுக்கத் திரையில் பார்ப்பது இந்தக் காற்று-பெட்ரோல் விகிதத்தைத்தான். பவருக்கும் இப்படியே ஒரு கணக்கு இருக்கிறது: நியூட்டன் மீட்டரில் டார்க்கை ஆர்பிஎம்மோடு (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 5000 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் கொடுக்கிற எஞ்சினுக்கு ஏறக்குறைய 105 கிலோவாட், அதாவது 140 குதிரைத்திறன். இந்தக் கணக்கு பிடிபட்ட பையன், விளம்பரத்தைப் பார்த்துப் பதினெட்டாயிரம் கொடுக்க மாட்டான்.

அப்புறம் ஒரு வீட்டுப் பரீட்சை. இதை நான் பல பையன்களுக்கு வைத்திருக்கிறேன். காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கம்ப்யூட்டர் தரும் விவரங்களைப் படிக்க ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகுகிற சின்ன புளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. மாமா ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வாரம் பதிவு எடுக்கட்டும்: கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, இக்னிஷன் அட்வான்ஸ் (ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழுகிறது), ஃபியூயல் டிரிம். கடைசிதான் முக்கியம். ஈசியு தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஐந்துக்குள் இருந்தால் கவலை இல்லை. பத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது சென்சார் அழுக்காகியிருக்கிறது, அல்லது பெட்ரோல் சரியாக வரவில்லை. புது ஃபில்டர் எண்ணெய் தடவுகிற ரகமாக இருந்தால், அந்த எண்ணெய் காற்றளக்கும் சென்சாரில் படிந்து இதே கோளாறைக் கொடுக்கலாம். பழைய ஃபில்டரைத் திருப்பி மாட்டி இரண்டு வாரம், புதியதோடு இரண்டு வாரம் என்று அவனே பிரித்துக்கொள்ளட்டும். நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். இரண்டாவது வாரமே சலித்துப்போனால் அவனையும் உங்களையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆசை ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும், படிப்பு வேறாக இருக்கட்டும். நாலு வாரமும் எழுதியிருந்தால் அவன் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

படிப்பு வழி இரண்டு. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் மார்க் வருமானால், பொறியியல் கலந்தாய்வில் ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் எடுக்கலாம். குரோம்பேட்டை எம்ஐடி-யிலும் கோவை பிஎஸ்ஜி-யிலும் ஆட்டோமொபைல் பிரிவு உண்டு. கிடைக்காவிட்டால் மெக்கானிக்கலோ மின்னணுவோ போதும், நஷ்டமில்லை. சொல்லப்போனால் இன்றைய டியூனிங்கில் பாதி வேலை மின்னணுதான். மார்க் குறைந்தால் பாலிடெக்னிக். பிளஸ் டூ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம், அதை முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். இதைத் தோற்றவன் வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கையும் பழகி கணக்கும் பழகிய பையன்களை நான் அதிகம் பார்த்தது இந்த வழியில்தான். படிப்பே வேண்டாம், நேராகப் பட்டறைக்குப் போகிறேன் என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஸ்பேனர் பிடிக்கப் பட்டறையில் கற்றுக்கொடுப்பார்கள். மேப் ஏன் அப்படி இருக்கிறது என்று கற்றுக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது.

கல்லூரியில் சேர்ந்ததும் அவன் தேட வேண்டியது மாணவர் ரேஸ் கார் அணியை. ஃபார்முலா பாரத் போட்டி கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. மாணவர்களே கார் கட்டி, அதை ஓட்டி, ஏன் இப்படிக் கட்டினோம் என்று நடுவர்களுக்கு விளக்க வேண்டும். அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் உருவாக்கியவர். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான். நீங்கள் இருக்கும் திருப்பூரிலிருந்து ஒரு மணி சொச்சம் பயணத்தில் இந்தச் சூழலெல்லாம் இருக்கிறது. அவன் அப்பாவுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் மனசு இளகும்.

வேலை என்று பார்த்தால், கார் கம்பெனிகளில் இதே வேலைக்குக் கேலிப்ரேஷன் என்று பெயர். ஒரு எஞ்சின் ஜெய்சல்மேர் வெயிலிலும் லடாக் குளிரிலும் ஒரே மாதிரி ஸ்டார்ட் ஆக வேண்டும், புகை விதிக்குள் நிற்க வேண்டும், மைலேஜும் தர வேண்டும். அந்த மேப்பை மாதக்கணக்காக உட்கார்ந்து சரிசெய்கிறவர்கள் கேலிப்ரேஷன் இன்ஜினியர்கள். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலி, ஓசூரில் டிவிஎஸ், ஓரகடத்தில் வாகனச் சோதனை மையம் என்று நம் மாநிலத்திலேயே இந்தத் துறைக்கு இடங்கள் இருக்கின்றன. சொந்தப் பட்டறை என்பது முப்பது வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். டைனோவுக்குப் பெரிய முதல் வேண்டும். அதைவிட, அடுத்தவர் எஞ்சின் நம் கையில் உடைந்தால் தாங்குகிற அனுபவம் வேண்டும்.

சட்டம். இதில் உங்கள் பயம் சரியானது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வண்டி உரிமையாளருக்கு விதிக்கலாம். உரிமையாளர் மாமா. இதை அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். பழைய சைலன்சர் இன்னும் கையில் இருந்தால் இந்த வாரமே திருப்பி மாட்டட்டும். டீசல் வண்டிகளில் புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு சாஃப்ட்வேரை ஏமாற்றுகிற வேலையும் சந்தையில் உண்டு. அதில் வருகிற காசு அவனுக்கு எந்த வயதிலும் வேண்டாம். அந்தப் புகையைப் பின்னால் ஸ்கூட்டியில் வருகிற குழந்தைதான் சுவாசிக்கிறது. வேகத்தின்மேல் ஆசை இருந்தால் அதற்கு டிராக் இருக்கிறது.

பேட்டரி கார் பயத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. பெட்ரோல் டியூனிங் மட்டுமே தெரிந்தவனுக்கு இன்னும் பதினைந்து வருஷத்தில் இடம் சுருங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி காரின் மோட்டார் கன்ட்ரோலரில் எவ்வளவு டார்க் விடுவது, பேட்டரி சூடானால் எங்கே நிறுத்துவது என்பதும் இதே மாதிரி மேப்தான், இதே மாதிரி அளவுதான். ஹைபிரிட் காரில் இரண்டும் சேர்ந்தே வேண்டும். மின்னணுவைக் கூடவே படித்துவிட்டால் போதும்.

அந்த ஓபிடி கருவியை நீங்களே வாங்கிக் கொடுங்கள் அம்மா, அவன் காசில் வேண்டாம். நான்கு வாரம் கழித்து வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டோடு அவனை அழைத்து வாருங்கள். முடிந்தால் அவன் அப்பாவும் வரட்டும். காரை ஓட்டிய மாமா வந்தால் இன்னும் நல்லது, அவரிடமும் எனக்கு இரண்டு கேள்வி இருக்கிறது.