லூப்பஸில் டி-டைமர் கூடினால் வருத்தம் கூடிவிட்டதா?

உங்கள் தங்கைக்கு லூப்பஸ் (உடலின் எதிர்ப்புச்சக்தி தன் உடலையே தாக்கும் வருத்தம்), குருதிச் சோதனையில் டி-டைமர் 1200, மூட்டு நோவும் கூடியிருக்கிறது. வருத்தம் கிளம்பிவிட்டதா, எங்கேயாவது குருதி உறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஓர் எண்ணை வைத்து இரண்டையுமே சொல்ல முடியாது.

முதலில் அலகைப் பாருங்கள். டி-டைமரை இரண்டு அலகுகளில் தருவார்கள்: எஃப்.ஈ.யூ (FEU) என்றால் வழமையான மேல் எல்லை மில்லிலீற்றருக்கு 500 நானோகிராம், டி.டி.யூ (DDU) என்றால் ஏறத்தாழ 250. யாழ்ப்பாணத்தில் ஒருமுறை, கொழும்பில் ஒருமுறை எடுத்த எண்களை அலகு பாராமல் ஒப்பிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும். கிளினிக் கொப்பியில் அலகையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

குருதிக்கட்டியிலுள்ள ஃபைப்ரின் என்ற புரத இழை கரையும்போது உதிரும் துண்டுதான் டி-டைமர். லூப்பஸ் கிளம்பும்போது குருதிக்குழாய்ச் சுவர் அழற்சியாலேயே அது கூடும். காய்ச்சல், கர்ப்பம், சத்திரசிகிச்சை எல்லாவற்றிலும் கூடும். வருத்தத்தின் வேகத்தை அறிய குருதியில் சி3, சி4 என்ற புரதங்கள் இறங்கியிருக்கின்றனவா, டி.என்.ஏ.க்கு எதிரான பிறபொருளெதிரி ஏறியிருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சிறுநீரை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். புரதம் அதிகம் போனால் உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ரோம்பினும் கூடவே போய்விடும். அப்போது உறையும் ஆபத்து உண்மையிலேயே கூடுகிறது.

அடுத்தது, உறையும் ஆபத்தைக் கூட்டும் பொஸ்போலிப்பிட் (ஒருவகைக் கொழுப்பு) எதிர்ப்புப் பிறபொருளெதிரிகளைத் தேடும் மூன்று சோதனைகள்: லூப்பஸ் அன்டிகோஆகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரதம். இவற்றில் லூப்பஸ் அன்டிகோஆகுலன்ட், சோதனைக் குழாயில் ஏ.பி.ரி.ரி என்ற உறைதல் நேரத்தை நீட்டும், உடம்பிலோ குருதியை உறைய வைக்கும். மாதிரி எடுப்பதில்தான் அதிகம் பிழைக்கிறது. நீல மூடிக் குழாயில் குருதி உறையாமல் தடுக்கும் 3.2 வீத சித்திரேற்று இருக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு குருதி, கோடு வரை நிரம்ப வேண்டும். குறைந்தால் நேரம் பொய்யாக நீளும். பிளாஸ்மாவை இருமுறை சுழற்றிப் பிளேட்லெட்டை நீக்காமல் குளிரில் உறையவைத்து அனுப்பினால், இருக்கிற பிறபொருளெதிரியே இல்லை என்று வரலாம். உறைதலைத் தடுக்கும் மருந்துகளான ஹெப்பாரின், வோபரின் தொடங்க முன் எடுப்பதே நல்லது. பொசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 கிழமை கழித்துத் திரும்பச் செய்துதான் உறுதி செய்வார்கள்.

மாரியில் காய்ச்சலோடு பிளேட்லெட் இறங்கினால் லூப்பஸ் என்று முடிவுகட்டாமல் டெங்குவையும் பார்க்கச் சொல்லுங்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி மிக உயர்ந்திருந்தால் தொற்றைத் தேட வேண்டும். லூப்பஸ் கிளம்பும்போது அது பெரும்பாலும் அவ்வளவு ஏறாது.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திராதீர்கள். உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், லூப்பஸ் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.