ஆணுறை கிழிந்து 3 வாரம்: எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கத் தயங்கும் தம்பிக்கு

தம்பி, கோவை ஜி.எச்.சில் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயந்து தள்ளிப்போடாதீங்க. எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்ட்டும் தர்ற 'நம்பிக்கை மையம்' எங்கேன்னு கேளுங்க. வேணும்னா திருப்பூர் போங்க. எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம். ஆலோசகர் தனியாத்தான் பேசுவார், கல்யாணம் ஆச்சான்னு கேட்டாலும் அது உங்களைத் திட்டுறதுக்கு இல்ல. முடிவை ரகசியமா வைக்கணும்னு 2017 எச்.ஐ.வி. சட்டமே சொல்லுது.

72 மணி நேரத்துக்குள்ள போயிருந்தா எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கிடைச்சிருக்கும்; அந்த நேரம் தாண்டிடுச்சு. இப்போ நெகட்டிவ் வந்தாலும், ஆணுறை கிழிஞ்ச நாள்ல இருந்து 3 மாசம் முடிஞ்சதும் மறுபடி எடுங்க. அதுவரை ரத்ததானம் வேண்டாம். உடலுறவால பரவுற இன்னொரு நோயான சிபிலிஸுக்கும் சேர்த்துப் பாருங்க, பலரும் அதை மறந்துடறாங்க.

நீங்க ஆப்ல பழகி உறவு வெச்சுக்கிட்ட பெண்ணையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, அவங்களும் இதே பயத்துல இருக்கலாம். தூக்கம் வரலைன்னா எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் கிடையாது.