வண்டல் மண்ணில் ஒரு ஃபாசில் சங்கம்

அன்புள்ள ஐயா,
இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஃபாசில் (கல்லாகிப்போன பழைய உயிர்களின் எச்சம்) தேடுகிறவர்கள் சங்கம் வைத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர் அப்படி ஒன்றை ஆரம்பிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டெல்டாவில் வெறும் வண்டல்தானே, எதைத் தேடுவது?
கவிதா, கும்பகோணம்

அன்புள்ள கவிதா,

வண்டல்தான். உங்கள் ஊரில் போர் போட்டால் மணலும் களிமண்ணும்தான் வரும். ஆனால் கொள்ளிடம் தாண்டி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனால் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துக் கடல்தரை வெளியே கிடக்கிறது. காரையின் செம்மண் ஓடைகளில் விரல் மாதிரி பெலம்னைட் (கணவாய் போன்ற பழைய கடல்பிராணி) துண்டுகள், நடுவே கோடு கோடாக ஜிப்சம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக அடுக்கியிருக்கும். (பூஜையறையில் சாளக்கிராமம் இருக்கிற வீடுகளில் ஃபாசில் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் கண்டகி நதியில் கிடைத்த அம்மோனைட் அது, ஜுராசிக் காலத்துச் சுருள் ஓட்டுக் கடல்பிராணி.)

இங்கிலாந்தில் சங்கங்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காகப் பிறக்கவில்லை. 1821இல் யார்க்ஷயரின் கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி எலும்புகள் கிடைத்தன. ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருந்தவர்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமே என்று கூடியதில் அடுத்த ஆண்டே யார்க்ஷயர் தத்துவச் சங்கம் (அன்று அறிவியலுக்கும் தத்துவம் என்றுதான் பெயர்) உருவானது. 1858இல் லண்டனில் தொடங்கிய ஜியாலஜிஸ்ட்ஸ் அசோசியேஷன் அமெச்சூர்களுக்கும் பெண்களுக்கும் முதலிலிருந்தே இடம் கொடுத்தது. பெரிய மனிதர்களின் ஜியாலஜிகல் சொசைட்டி பெண்களைச் சேர்க்க 1919 ஆனது!

நம் பக்கத்துக் கதையும் அமெச்சூர்களிடம்தான் தொடங்குகிறது. கேய், கன்லிஃப் என்ற இரண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் பொறுக்கியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1846இல் விவரித்தார். கல்லெல்லாம் லண்டன் போனது, சங்கம் மட்டும் இங்கே வரவில்லை. 2020இல் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஒரே பரபரப்பு. நிபுணர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு என்றார்கள். பக்கத்தில் ஒரு சங்கம் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கும்.

அதனால் சுத்தியல் வாங்குமுன் நோட்டு வாங்குங்கள். எந்த ஓடை, எந்த அடுக்கு, யார் எடுத்தது, என்ன தேதி என்று எழுதாத கல் அலமாரியை அடைக்கத்தான் உதவும். சிமென்ட் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். சாத்தனூர்க் கல்மரத்தில் கையே வைக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் ஃபாசில் அருங்காட்சியகம் இருக்கிறது, போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஐப்பசி அடைமழை ஓடைகளை அரித்து புதுசாக வெளியே தள்ளும். மார்கழி, தையில் போனால் வெயிலும் படுத்தாது. தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.